நோயுற்றாரைப் பேணத் தகுதியுடையார் யார்?

வினய பிடகத்தின் மகாவக்கத்தில் நம்மவர் பலரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. பகவன் புத்தர் ஒருநாள் ஆனந்தருடன் பிக்குகள் உறையும் இடங்களைப் பார்த்து வருங்கால், வயிற்றுக் கழிச்சலால் வருந்திய பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே விழுந்து கிடக்கக் கண்டார். எவரும் பேணாதது ஏன் என்று பகவன் வினவினார். தாம் மற்றப் பிக்குகளுக்கு யாதொரு பயனும் இல்லாதவராகிவிட்டமையால் அவர்கள் தம்மைக் கவனிப்பதில்லை என்று அப்பிக்கு விடை பகர்ந்தார். பகவன் ஆனந்தரை நீர் கொணரச் செய்தார். தாம் நீர் வார்க்க, ஆனந்தர் அவரைக் கழுவித் தூய்மை செய்தார். பின்னர்த் தாம் தலைப்புறமும் ஆனந்தர் காற்புறமும் தாங்கி அவரைக் கட்டிலிற் கிடத்தினர். அதன்பின் பிக்குகளைக் கூட்டி, தாயும் தந்தையும் உடனில்லாத நீங்கள் ஒருவரை ஒருவர் பேணாவிடின் வேறு யார் பேணுவர் என்று கேட்டு, நோயுற்றாரைப் பேணுதல் தம்மையே பேணுதலாகும் என்னும் கருத்தையும் அருளிச்செய்தார்.

இதனைக் கருணைக்கு ஓர் எடுத்துக்காட்டாகக் கூறி அமைவது நம் வழக்கம். ஆயின் இதனுள் ஒரு சட்டமும் அடங்கியிருக்கிறது. நோயுற்ற பிக்குவை அவருடைய உபாத்தியாயர் பேணவேண்டும், அவர் இல்லையேல் ஆசாரியர், அவரும் இல்லையேல் மாணாக்கர், அவரும் இல்லையேல் உடன் பயின்றோர், எவருமே இல்லையேல் சங்கம் முழுமையும் பேணவேண்டும், பேணாவிடின் குற்றம். இது எனக்குரிய வேலையன்று என்று எவரும் விலகிக்கொள்ளாதபடி பகவன் வழியை அடைத்துவிட்டார். சீவகரைப் போன்ற பெருமருத்துவர் வாழ்ந்த காலம் அது. அங்ஙனமிருந்தும், மருத்துவர் வரும்வரை காத்திருங்கள் என்று பகவன் கூறவில்லை. அருகில் இருப்பவனே முதற் கடமையாளன் என்று வைத்தார்.

இன்று நம் நாட்டுக் கிராமங்களைக் குறித்து எழும் வினா ஒன்றை இந்நிகழ்ச்சியின் ஒளியில் ஆராய விரும்புகிறேன். மருத்துவக் கல்லூரியிற் பயிலாத ஒருவருக்குச் சில திங்கள் பயிற்சி தந்து, தொற்றுநோய்களைக் கண்டறியவும் அவற்றிற்கு மருந்து கொடுக்கவும் அமர்த்துதல் அறமாகுமா? அன்றி, ஏழைகளுக்கு அரைகுறை மருத்துவமே போதும் என்று நாம் செய்யும் அநீதியாகுமா?

வினாவின் வரலாறு

இவ்வினா புதியதன்று. 1946 இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை இதனை நேராகவே எதிர்கொண்டது. அக்காலத்தில் இந்தியாவிற் பதிவு பெற்றிருந்த மருத்துவர் ஏறத்தாழ 47,500 பேர். அவர்களுள் 30,000 பேரளவினர் பட்டம் பெறாமல், குறுகிய படிப்பு முடித்து உரிமச் சான்று பெற்றவர்கள். கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் பெரிதும் பயன்பட்டவர்கள் அவர்களே. மருத்துவர் இனி ஒரே தரத்தினராய், முழுப் பட்டம் பெற்றவராய் இருத்தல் வேண்டும் என்றும், குறுகிய படிப்பு நிறுத்தப்பட வேண்டும் என்றும் குழுவின் பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். நாட்டின் தேவைக்கு அவ்வளவு மருத்துவரை விரைவில் உண்டாக்க இயலாது என்று உறுப்பினர் சிலர் மாறுபட்டனர். பெரும்பான்மையோரின் கருத்தே நிலைபெற்றது.

பெரும்பான்மையோரின் நோக்கத்தைப் பழிக்க இயலாது. ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே தரமான மருத்துவம் கிட்டவேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். ஆயின் பட்டம் பெற்றவர் நகரங்களிலேயே தங்கினர். கிராமத்தில் ஓரிடம் வெறுமையாயிற்று. வெறுமையான இடம் வெறுமையாகவே இருப்பதில்லை. மருந்துக் கடையிலோ, மருத்துவரிடம் கம்பவுண்டராகவோ சில ஆண்டு இருந்து, ஊசி போடவும் மாத்திரை எண்ணிக் கொடுக்கவும் கற்றுக்கொண்ட ஒருவர் அவ்விடத்தில் வந்து அமர்ந்தார். வடநாட்டிலும் வங்காளத்திலும் பீகாரிலும் எண்ணிறந்த கிராமங்களில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தாய் முதலில் நாடுவது அவரைத்தான். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் அவர் திறப்பார்; கடனுக்கும் மருந்து தருவார்.

இதனோடு வேறு ஒரு வரலாறும் நடந்தது. 1977 இல் மத்திய அரசு கிராமத்தவருள் ஒருவரையே சுகாதாரப் பணியாளராகப் பயிற்றும் திட்டத்தைத் தொடங்கியது. 1978 இல் அல்மா அட்டாவிற் கூடிய உலக மாநாடு, மக்களின் வாயிலிலேயே கிட்டும் அடிப்படை மருத்துவத்தை எல்லா நாடுகளின் குறிக்கோளாக அறிவித்தது. 2005 இல் ஆஷா எனப்படும் பெண் ஊழியர்களை, ஏறத்தாழ ஆயிரம் மக்களுக்கு ஒருவர் வீதம் அமர்த்தும் திட்டம் பிறந்தது. ஆகவே கிராமத்தில் இன்று இருவகையினர் உளர். ஒருவர் அரசு தேர்ந்து பயிற்றிய பெண். மற்றவர் எவரும் தேராமலும் பயிற்றாமலும் தாமே தோன்றிய வைத்தியர். நம் வினா இருவரையும் பற்றியதே.

மாறுபடுவோர் கூறுவது

இத்தகையோருக்குப் பயிற்சி தருதல் தவறு என்போரின் வாதத்தைக் குறைத்துக் கூறுதல் நேர்மையன்று. கற்காத மருத்துவ முறையைக் கையாளுபவர் போலி மருத்துவரே என்று 1996 இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாக உரைத்தது. சட்டம் விலக்கிய ஒன்றுக்குப் பயிற்சி தந்தால், அதற்கு ஒரு மதிப்பை நாமே சூட்டியவராவோம் என்பர். சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டால், ஊரார் அவரை முழு மருத்துவர் என்றே நம்புவர் என்பர்.

அவர்கள் காட்டும் தீமைகளும் கற்பனை அல்ல. ஒரே ஊசியைக் கொதிக்க வைக்காமலும் மாற்றாமலும் பலருக்குக் குத்துவதால் கல்லீரல் அழற்சி நச்சுயிரும் எச்.ஐ.வி.யும் பரவுகின்றன. 2018 இல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் கிராமத்தவர் பலருக்கு எச்.ஐ.வி. தொற்று கண்டபோது, பாதுகாப்பற்ற ஊசியே ஐயத்திற்கு முதலிடமாயிற்று. இன்னும், தேவையற்ற இடத்தில் ஆன்டிபயாட்டிக் மருந்தை இரண்டு நாள் கொடுத்து நிறுத்துவதால், அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றுகின்றன. அதன் தீமை கொடுத்தவரோடும் கொண்டவரோடும் நில்லாது, காணாத ஊரிலுள்ள காணாத நோயாளியையும் சென்று தாக்குகிறது. நல்லெண்ணத்தால் செய்த செயல் என்று சொல்லி இதனினின்று தப்ப முடியாது.

இங்கே நம் தருமத்தின் சொல் ஒன்றை நினைத்தல் தகும். பாலி மொழியில் 'குசலம்' என்பது நல்வினையையும் குறிக்கும், திறமையையும் குறிக்கும். இவ்விரண்டும் ஒரே சொல்லாய் அமைந்தது தற்செயலன்று. கருணை நெஞ்சில் நிறைந்திருந்தும் கையிற் பழுதிருப்பின் அச்செயல் முழுமையான குசலம் ஆகாது. பாம்பைப் பிடிக்கச் சென்றவன் அதன் வாலைப் பற்றினால், அது திரும்பி அவனையே கடிக்கும். கவைக்கோலால் அழுத்திக் கழுத்தைப் பற்றத் தெரிந்தவனே தப்புவான். தருமத்தைத் தவறாகக் கற்பவனுக்குப் பகவன் காட்டிய உவமை இது. மருத்துவ அறிவுக்கும் இது முற்றும் பொருந்தும்.

எனவே மாறுபடுவோரின் வாதத்தில் பாதி உண்மை உளது. மற்றப் பாதியை இனிக் காண்போம்.

மூவகை நோயாளர்

அங்குத்தர நிகாயத்தில் நோயாளர் மூவகையினராகப் பிரிக்கப்பட்டுள்ளனர். தக்க உணவும் மருந்தும் பேணுவோரும் கிடைப்பினும் கிடையாவிடினும் பிழைக்கமாட்டாதவர் ஒருவகை. அவை கிடைப்பினும் கிடையாவிடினும் பிழைத்துக்கொள்பவர் மற்றொரு வகை. அவை கிடைத்தால் மட்டுமே பிழைப்பவர் மூன்றாம் வகை. இம்மூன்றாமவர் பொருட்டே உணவும் மருந்தும் பேணுவோரும் விதிக்கப்பட்டன என்றும், அவர் பொருட்டே மற்ற இருவரும் பேணத்தக்கவர் என்றும் பகவன் அருளினார்.

தொற்றுநோய்களில் இப்பிரிவு எத்துணைப் பொருத்தமுடையது என்பதை நோக்குக. குழந்தைக்கு வரும் சளியும் இருமலும் பெரும்பாலும் தாமே தணிவன. அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டுவதில்லை. ஆயின் அதே இருமலோடு வரும் நூறு குழந்தைகளுள் சிலருக்கு நுரையீரலில் நிமோனியா இறங்கியிருக்கும். அக்குழந்தைக்கு அன்றே மருந்து கிட்டினால் உயிர் நிற்கும். மூன்று நாள் கழித்து நாற்பது மைல் சென்றால் நில்லாது. ஆகவே கிராமப் பணியாளர் கற்கவேண்டிய முதற்கலை மருந்து கொடுத்தலன்று. மூன்றாமவரைக் கண்டுகொள்ளுதலே ஆகும்.

அக்கலை கல்லூரிக்குரிய மறைபொருளன்று. குழந்தை அமைதியாயிருக்கும்போது ஒரு நிமிடம் அதன் மூச்சை எண்ணவேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை 40. இவ்வெண்ணையோ இதற்கு மேற்பட்ட எண்ணையோ மூச்சு எட்டினால் ஐயுறவேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த விதி இதுவே. மகாராஷ்டிரத்தின் காட்டு மாவட்டமாகிய கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இருவரும் 1986 இல் நிறுவிய 'சர்ச்' என்னும் அமைப்பு, கிராமத்து ஊழியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் இதனைக் கற்பித்தது. எண்ணத் தெரியாத மருத்துவச்சிக்காக மணிகளும் மணற்கடிகாரமும் கொண்ட கருவி ஒன்றையும் அவர்கள் செய்தனர். அவ்வூழியர் பேணிய நிமோனியாக் குழந்தைகளுள் இறந்தவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்றும், அப்பணி எட்டாத ஒப்பீட்டுப் பகுதியில் நூற்றுக்குப் பதின்மூவர் அளவு என்றும் 1990 இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது.

கற்காதவர் கையில் மருந்து கொடுக்கலாகாது என்னும் விதியை அங்கே விடாப்பிடியாகக் காத்திருந்தால், அக்குழந்தைகளுள் பலர் அவ்விதிக்குப் பலியாகியிருப்பர். விதியைக் காத்தவர் கையில் இரத்தக்கறை தெரியாது. எனினும் பேணாமையும் ஒரு வினையே என்பதை வினயச் சட்டம் நமக்குக் கூறிவிட்டது.

பேணுவோரின் ஐந்து தகுதிகள்

அப்படியாயின் யாரை வேண்டுமானாலும் அமர்த்திவிடலாமோ எனின், அதுவும் அன்று. நோயாளியைப் பேணத் தகுந்தவருக்கு ஐந்து இயல்புகள் வேண்டும் என்று பகவன் வகுத்தார். மருந்தை ஆயத்தம் செய்ய வல்லவராதல். எது நோய்க்கு ஆகும், எது ஆகாது என்று அறிந்து ஆகாததை விலக்கி ஆவதைத் தருதல். பொருள் நசையால் அன்றி மைத்திரியால் பேணுதல். மலம், சிறுநீர், எச்சில், வாந்தி இவற்றை அகற்ற அருவருப்புக் கொள்ளாமை. காலமறிந்து நல்லுரை கூறி நோயாளியின் உள்ளத்தைத் தேற்றுதல். இவ்வைந்தனுள் குலமும் பட்டமும் இடம்பெறவில்லை. அதே வேளையில், அறியாதவர்க்கும் இதில் இடமில்லை. முதலிரண்டு தகுதியும் அறிவைப் பற்றியனவே.

மருந்தை ஆயத்தம் செய்தல் என்பதற்கு 1971 ஆம் ஆண்டைவிடச் சிறந்த சான்று இல்லை. கிழக்கு வங்காளத்தினின்று வந்த அகதிகள் எல்லையூராகிய பன்காவில் நிரம்பியிருந்தபோது வாந்திபேதி பரவியது. நரம்பு வழியே ஏற்றும் சலைன் நீர் தீர்ந்துகொண்டிருந்தது. அதனை ஏற்றத் தெரிந்தவரும் சிலரே. மருத்துவர் திலீப் மகலனாபிஸ், குளுக்கோசும் உப்பும் சமையற் சோடாவும் அளந்து பொட்டலமாக்கி, நீரிற் கரைத்துப் பெரிய கலங்களில் வைத்து, நோயாளியின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்தார். தாய் மகனுக்கும் கணவன் மனைவிக்கும் புகட்டினர். நூற்றுக்கு முப்பது வரை சென்றிருந்த இறப்பு, அவர் பேணிய இடத்தில் நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கிற்று. அம்மக்கள் கற்றது ஒருநாட் பாடமே; ஆயின் அது சரியான பாடம். அவர் 2022 இல் மறைந்தார். 2023 இல் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் அளித்தது.

இரண்டாம் தகுதி இதனினும் அரிது. ஆகாததை விலக்குதல் என்பது கையை அடக்கும் கல்வி. இதனை ஆராயும் வாய்ப்பு மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் அமைந்தது. லிவர் ஃபவுண்டேஷன் என்னும் நிறுவனம் அங்குள்ள கிராம வைத்தியர்க்கு ஒன்பது மாதம் வகுப்பு நடத்தியது. 304 வைத்தியர் குலுக்கல் முறையில் இரு பகுதியாக்கப்பட்டு, ஒரு பகுதியினர்க்கு மட்டும் முதலில் பயிற்சி தரப்பட்டது. பின்னர், நோயாளிபோல் நடிக்கப் பழகியவர்கள் தம்மை வெளிப்படுத்தாமல் இருசாராரிடமும் சென்று வந்தனர். குழந்தையின் கழிச்சலும் அவர்கள் சொன்ன குறைகளுள் ஒன்று. 2016 இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெறாதார் நூற்றுக்கு 52 இடங்களில் சரியாக நடந்தனர். பெற்றவர் ஏறத்தாழ 60 இடங்களில் சரியாக நடந்தனர். வகுப்புக்கு வந்த நாட்களோ பாதிக்குச் சற்று மேல்தான். இது சிறு நன்மையன்று.

ஆனால் வேறொரு செய்தியும் அம்முடிவில் இருந்தது. தேவையற்ற மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்கும் வழக்கம் பயிற்சியாற் குறையவில்லை. அதனினும் வியப்பு, அப்பகுதி அரசு நிலையங்களின் பட்டம் பெற்ற மருத்துவர் அவ்வைத்தியரைவிட மிகுதியாகத் தேவையற்ற ஆன்டிபயாட்டிக் எழுதியமையே. ஆகவே இக்குற்றத்தைக் கல்லாமையின் மேல் மட்டும் சுமத்துதல் இயலாது என்பது வெளிப்பட்டது. பின் எதன் மேல் சுமத்துவது?

மூன்று வேர்கள்

தீவினைக்கு வேர் மூன்று என்று நம் தருமம் கூறும்: லோபம், துவேஷம், மோகம். பயிற்சி என்பது மோகமாகிய அறியாமையை அறுக்கும் வாள். அது மற்ற இரு வேர்களையும் தானே அறுத்துவிடும் என்று எதிர்பார்த்தல் நம் பிழையே.

கிராம வைத்தியர் பார்வைக்குக் கூலி பெறுவதில்லை. மருந்து விற்ற காசே அவர் வீட்டு அடுப்பை எரிக்கிறது. மருந்து வேண்டாம், கஞ்சியும் நீரும் போதும், மூன்று நாளில் தணியும் என்று உண்மை உரைத்தால் அன்று அவர் மனைவி மக்கள் பட்டினி. அவரை ஒன்பது மாதம் உட்காரவைத்துப் பாடம் சொன்ன பிறகும், பிழைப்பின் அமைப்பை அப்படியே விட்டுவிட்டால், அறிந்தும் செய்யமாட்டாதவராய் அவரை ஆக்கினோம் அன்றோ? சம்மா ஆஜீவம், அதாவது நல்வாழ்க்கைத் தொழில், எட்டு நெறிகளுள் தனித்து ஓர் உறுப்பாக வைக்கப்பட்டது இதனாலேயே. நற்காட்சி உடையவனும் தொழிலின் அமைப்பு தவறாயின் வழுக்கி விழுவான். ஆகவே பேணுவோரின் ஊதியம் விற்ற மருந்தின் அளவைப் பொறுத்ததாய் இருத்தல் கூடாது. மூன்றாந் தகுதி பேணுவோருக்கு மட்டும் உரைத்த அறிவுரையன்று. அவரை அமர்த்துவோருக்கு இட்ட கட்டளையுமாகும்.

இங்கே ஒரு தடை எழும். மைத்திரியால் பேணவேண்டும் என்றால் ஊதியம் எதற்கு என்பர் சிலர். ஆஷா ஊழியர் தொடக்கத்தில் தன்னார்வலர் என்றே வைக்கப்பட்டனர். செய்த வேலைக்கு இவ்வளவு என ஊக்கத்தொகை மட்டுமே விதிக்கப்பட்டது. 2020 இல் கொரோனாக் காலத்தில் வீடுவீடாகச் சென்று நோயுற்றாரைத் தேடியவர் அவர்களே. 2022 இல் உலக சுகாதார நிறுவனம் ஏறத்தாழ பத்து இலட்சம் ஆஷா ஊழியரைப் பாராட்டி விருது அளித்தது. விருதினால் வயிறு நிறைவதில்லை. இத்தடைக்கும் வினயத்திலேயே விடை உண்டு. பேணியும் பயனின்றி ஒரு பிக்கு இறந்தால், அவருடைய சீவரமும் பாத்திரமும் சங்கத்துக்கு உரியன. ஆயினும் அவரைப் பேணியவர்க்கே அவற்றைத் தரலாம் என்று பகவன் விதித்தார். பேணியவருள் ஒருவர் சாமணேரராயின் அவருக்கும் சம பங்கு தருமாறு பணித்தார். பேணுவோர் பொருளை நாடலாகாது. பேணப்பட்ட சமூகம் பொருளைத் தராதிருக்கலாகாது. முன்னது அவர்களுடைய அறம், பின்னது நம்முடையது. அவர்களுடைய அறத்தைக் காட்டி நம்முடைய அறத்தினின்று தப்புதல் களவுக்கு நிகராகும்.

அடுத்த வேர் துவேஷம். அதன் ஒரு வடிவமே அருவருப்பு. நம் நாட்டில் அருவருப்புக்குச் சாதி என்று பெயர். பிரசவ அறைக் குருதியையும் பிணத்தையும் மலத்தையும் தொடும் வேலையை ஒருசிலர் மேல் சுமத்தி, அதைத் தொட்டமையாலேயே அவர் தீண்டத்தகாதவர் என்றும் கூறிய நாடு இது. பேணுவோருக்குரிய நான்காந் தகுதியை எவர் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தனரோ, அவரையே தகுதியற்றவர் என்றது. பகவன் அப்பிக்குவுக்கு நீர் வார்த்தபோது கழுவியது அந்த நோயுடலை மட்டுமா? குப்பை வாரிய சுநீதரைச் சங்கத்திற் சேர்த்தவரும் அவரே.

மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் 1970 இல் மருத்துவர்கள் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே இருவரும் தொடங்கிய பணி இவ்வகையில் நினைக்கத்தக்கது. கிராமத்துப் பெண்களையே, எழுத்தறியாதவரையும், தாழ்த்தப்பட்ட சாதியினரையும், சுகாதாரப் பணியாளராக அவர்கள் பயிற்றினர். காசநோயையும் தொழுநோயையும் கழிச்சலையும் கண்டறியவும் பேணவும் அப்பெண்கள் கற்றனர். எவளைக் கிணற்றருகே வரவிடவில்லையோ அவளையே குழந்தைக்குக் காய்ச்சல் என்று உயர்சாதி வீட்டார் அழைக்க நேர்ந்தது. தொற்றுக்குச் சாதி தெரியாது. அதனைத் தடுக்கும் கைக்கும் சாதி தெரியலாகாது. இத்தகைய பயிற்சி நோயை மட்டும் அன்று, நோயினும் பழைய ஒன்றையும் தீர்க்கத் தொடங்குகிறது.

நல்லுரை கூறுதல்

ஐந்தாந் தகுதியை அணிகலம் என்று எண்ணுவோர் உளர். அது உயிர்நிலை என்பதைக் காசநோய் காட்டும். 1956 இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளியை ஆரோக்கிய நிலையத்தில் வைத்துப் பேணுவதும் வீட்டிலேயே வைத்து மருந்து தருவதும் ஏறத்தாழ ஒத்த பயனே தருகின்றன என்றும், வீட்டில் உள்ளோர்க்கு அதனால் தொற்று மிகுவதில்லை என்றும் 1959 முதல் உலகுக்குக் காட்டியது. படுக்கை இல்லாத ஏழை நாடுகளுக்கெல்லாம் அது வாழ்வளித்த கண்டுபிடிப்பு. ஆனால் அதன் விளைவாக ஒரு பொறுப்பு இடம் மாறிற்று. நோயாளி மருந்தை விடாமல் உட்கொள்ளுமாறு பார்க்கும் வேலை, நிலையத்துச் செவிலியரிடமிருந்து கிராமத்துப் பணியாளரிடம் வந்தது.

இக்காலத்தில் எளிய காசநோய்க்கு ஆறு மாத மருந்து. இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், உடல் தேறும். அப்போதே பலர் நிறுத்திவிடுவர். நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாய்த் திரும்பும். அவ்வேளையில் அவர் திண்ணையில் சென்று அமர்ந்து, அவர் அச்சத்தையும் வெட்கத்தையும் கேட்டு, இன்னும் நான்கு மாதம் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதற்கு அவர் மொழி பேசுபவரும், அவர் தெருவில் வாழ்பவரும், அவர் பொய் சொன்னால் கண்டுகொள்பவரும் ஆகிய ஒருவரே தக்கவர். இத்தகுதியில் பட்டம் பெற்றவரைவிட அவ்வூர்ப் பெண் மேலானவள் என்பதில் ஐயமில்லை.

தோல்வி நேர்ந்தால்

இன்னும் ஒரு கடிய வினா எஞ்சியிருக்கிறது. பயிற்சி பெற்ற பெண் மூச்சை எண்ணினாள், மருந்து தந்தாள், குழந்தை இறந்தது. அவள் குற்றவாளியா?

மூவகை நோயாளருள் எத்துணை முயன்றும் பிழையாதவர் உண்டு என்று பகவன் கூறியது அவளுக்கு ஆறுதல். வினை என்பது சேதனையே, அதாவது உள்ளத்தின் நோக்கமே, என்பதும் ஆறுதல். ஆயின் அவ்வாறுதலை அவளை அனுப்பியவர் தமக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்துப் பெட்டியை நிரப்பாமல் அனுப்பினோமா? ஒருமுறை கற்பித்துவிட்டு மறுமுறை எட்டிப் பாராமல் விட்டோமா? அபாயக் குறி கண்டு அவள் அனுப்பிய குழந்தையை ஏற்க நிலையத்தில் ஒரு மருத்துவரை வைத்தோமா? சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை நிலையமும் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் என அரசு வகுத்த அளவு ஏட்டில் உண்டு. கட்டடத்துள் மருத்துவர் இருப்பதே வேண்டுவது.

இங்கேதான் மாறுபடுவோரின் பாதி உண்மையை நாம் முழுமையாக ஏற்கவேண்டும். கிராமப் பணியாளர் மருத்துவருக்கு மாற்று அல்லர். மருத்துவரிடம் செல்லும் வழியின் முதற்படி. படியைக் கட்டிவிட்டு மேலே வீட்டைக் கட்டாது விடுவோர், ஏழைக்குப் படியே வீடு என்று கூறுவோராவர். எந்த எல்லையில் தான் நிற்கவேண்டும் என்று அவளுக்குக் கற்பித்தல் பயிற்சியின் பாதி. அவ்வெல்லைக்கு அப்பால் ஏற்றுக்கொள்ள ஒருவர் இருத்தல் மற்றப் பாதி.

நம் கடன்

நோயாளிக்கும் ஐந்து கடமைகளைப் பகவன் கூறியுள்ளார். ஆவதைச் செய்தல், அளவறிதல், மருந்தை உட்கொள்ளுதல், நோயின் நிலையை மறையாது கூறுதல், வேதனையைப் பொறுத்தல் என்பன அவை. ஊசி போட்டால்தான் வைத்தியர் என்று கேட்டு வாங்குபவர் நாமும் அன்றோ? நீரும் உப்பும் சர்க்கரையும் தந்தால், மருந்தே தரவில்லை என்று முகம் சுளிப்பவரும் நாமே. பேணுவோருடைய கையை அடக்கக் கற்பிக்குமுன், கேட்கும் நம் வாயை அடக்கக் கற்கவேண்டும்.

1898 இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்த பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவராய் வாழ்ந்தவர். மருந்தும் தருமமும் நம் மரபில் ஒரே திண்ணையில் இருந்தன. நம் சங்கக் கிளைகள் செய்யத்தக்கன பெரியன அல்ல. ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சமத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கும் முறையை ஒவ்வொரு இல்லத்தாரும் அறியச் செய்யலாம். நம் தெருவுக்கு வரும் ஊழியப் பெண்ணுக்கு அமர ஓர் இருக்கையும் குடிக்க நீரும் தந்து, அவள் சொல்லுக்கு ஊரில் மதிப்பை உண்டாக்கலாம். அவளுடைய ஊதியத்துக்காக ஒலிக்கும் குரலோடு நம் குரலையும் சேர்க்கலாம்.

நோயுற்றாரைப் பேணத் தகுதியுடையார் யார் என்று தொடங்கினோம். அருகில் இருப்பவர் என்பது வினயத்தின் விடை. அருகில் இருப்பவரைத் தகுதியுடையவராக்குதல் எவர் கடன் என்பது அதனோடு பிறக்கும் வினா. உபாத்தியாயர் இல்லையேல் ஆசாரியர், ஆசாரியர் இல்லையேல் மாணாக்கர் என்று இறங்கி வந்த அவ்வரிசையின் கடைசியில் சங்கம் முழுமையும் நிற்கிறது. நாமும் அங்கேதான் நிற்கிறோம்.